ஸ்பிளெண்டரின் பின் ஷாக் அப்சர்பரை லிஃப்ட் இல்லாமல் வீட்டிலேயே மாற்றலாமா?

தாராளமாக மாற்றலாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் உள்ள வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டே போதும். எங்கள் வீட்டு ஸ்பிளெண்டருக்கு வாசலில் வைத்துத்தான் மாற்றினேன்.

சூட்சுமம் ஒன்றுதான்: இரண்டையும் சேர்த்துக் கழற்றாதீர்கள். சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது பின் சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்மும் ஷாக்கில்தான் தொங்குகின்றன. ஒரு பக்கத்தை எடுத்தாலும் மறுபக்கத்து ஷாக் அவற்றை அதே உயரத்தில் பிடித்துக்கொள்ளும். புதியது நேராகப் போய் உட்காரும். இரண்டையும் எடுத்தால் சக்கரம் பொத்தென்று இறங்கிவிடும். அப்புறம் ஒருவர் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் துளையைத் தேட, ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போய்விடும். துளை லேசாகத் தள்ளி இருந்தால் டயருக்கு அடியில் ஒரு பலகையைச் செருகி நெம்புங்கள், ஏறிவிடும். சைடு ஸ்டாண்டில் வைத்து இந்த வேலை வேண்டாம். எடை ஷாக் மேலேயே நிற்கும்.

வண்டி ஸ்டாண்டிலிருந்து முன்னால் உருண்டுவிடக் கூடாது. கியரில் போட்டுப் பயனில்லை, பின் சக்கரம் அந்தரத்தில் அல்லவா இருக்கிறது. முன் பிரேக் லிவரை பழைய சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டுங்கள், முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு கட்டையும் வையுங்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்தின இரவே டபிள்யூடி-40 (துருவை இளக்கும் ஸ்பிரே) அடித்து ஊறவிடுங்கள். ரிங் ஸ்பேனரை மேலிருந்து கீழே அழுத்திக் கழற்றுங்கள். முன்பக்கமாக வெடுக்கென்று இழுத்தால் வண்டியும் கூடவே வரும். வராத நட்டைச் சுத்தியலால் அடித்தால் ஸ்டட்டின் (நட்டு ஏறும் கம்பி) மரை போய்விடும், செலவு பெரிதாகும்.

சில வண்டிகளில் சேலை கார்டும் கைப்பிடிக் கம்பியும் அதே ஸ்டட்டில்தான் மாட்டியிருக்கும். கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் வரிசைதான் முக்கியம். ஒரு வாஷர் விடுபட்டால் டோம் நட்டின் (ஒரு பக்கம் மூடிய நட்டு) உள்முனை ஸ்டட்டில் முட்டி நின்றுவிடும்; கைக்கு இறுகியதுபோல் தெரியும், உள்ளே ஷாக் ஆடிக்கொண்டிருக்கும். சைலன்சர் பக்கத்துக் கீழ் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகாவிட்டால், என்ஜின் ஆறியதும் சைலன்சரைத் தாங்கும் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் இடம் கிடைக்கும்.

ஒன்றில்தான் ஆயில் கசிகிறது என்றாலும் ஜோடியாகவே மாற்றுங்கள். வாங்கும்போது மேல் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை பழையதோடு வைத்து அளந்து பாருங்கள். 'உயரமா இருந்தா கெத்து' என்று நீளமானதை வாங்கினால் வண்டி சைடு ஸ்டாண்டில் ரொம்பச் சாயும், சென்டர் ஸ்டாண்டிலும் பின் டயர் தரையைத் தொடும்.

பின்னால் ஒரே ஷாக் உள்ள மோனோஷாக் வண்டி என்றால் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அதைக் கழற்றினால் பின்பக்கத்தைத் தாங்க வேறொன்றும் இல்லை. ஸ்விங் ஆர்மைப் பிடித்துத் தூக்கும் பேடாக் ஸ்டாண்டும் உதவாது, ஷாக் வெளியே வந்ததும் சட்டகம் அப்படியே உட்கார்ந்துவிடும். சட்டகத்தையே தாங்கிப் பிடிக்க வழியில்லாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஸ்பிரிங் அட்ஜஸ்டர் (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் வளையம்) இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நாலு நட்டையும் இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.