சின்ன ஊர்களில் குடிநீரை எப்படிச் சுத்தம் செய்து அனுப்புகிறார்கள்? குழாயில் வருவதை நம்பிக் குடிக்கலாமா?

என் சித்தப்பா ஒரு பேரூராட்சியில் குடிநீர்ப் பணியாளர். தொட்டியில் மருந்து கலப்பது, தெருத்தெருவாக வால்வு திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவரோடு சுற்றியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிறது. ஆற்று மணலுக்குள் பெரிய கிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து நாலாபுறமும் துளையிட்ட குழாய்களைப் படுக்கையாகச் செலுத்தியிருப்பார்கள். மணலில் இறங்கி வரும்போதே கலங்கல் பெரும்பாலும் போய்விடும். அணையிலோ ஏரியிலோ நேராக எடுக்கும் ஊர்களில் படிகாரம் கலந்து, அழுக்கைப் படியவைத்து, மணல் வடிகட்டியில் விட்டாக வேண்டும். அந்த வடிகட்டும் வேலையை எங்களுக்கு ஆற்று மணலே இனாமாகச் செய்துதருகிறது. மணலை அள்ளித் தீர்ப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆனால் மணல் எல்லாக் கிருமியையும் நிறுத்தாது. அதற்குத்தான் குளோரின். ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பிளீச்சிங் பவுடர் (குளோரின் உள்ள பொடி) போடுகிறார்கள். லட்சம் லிட்டர் தொட்டி என்றால் 400 கிராம். சித்தப்பா பவுடரை அப்படியே கொட்ட மாட்டார். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுவார். அரை மணி நேரமாவது கழித்துத்தான் வால்வைத் திறப்பார். காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் போய்விடும் என்று மூட்டை வாயை இறுக்கிக் கட்டி நிழலில் வைப்பார்.

அப்புறம் கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் ஊற்றிச் குளோரினைக் காட்டும் சோதனை மருந்து சில சொட்டு விடுவார். மஞ்சளாக மாறினால் குளோரின் மிச்சம் இருக்கிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரம்.

அந்த மிச்சம் ரொம்ப முக்கியம். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க ஓடுவதில்லை. நின்றதும் குழாய் காலியாகி, விரிசல் வழியே சாக்கடை கசிந்து உள்ளே போகும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் மோசம்: மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாது, வெளி அழுக்கும் சேர்ந்து இழுபடும். அங்கே நமக்குக் காவல் அந்த மிச்சக் குளோரின்தான். "மருந்து வாடை அடிக்குது, கொஞ்சமாப் போடுங்க" என்று சித்தப்பாவிடம் சண்டைக்கு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். குடத்தைத் துணியால் மூடிச் சில மணி நேரம் வைத்தாலே வாடை குறைந்துவிடும்.

சரி, நம்பிக் குடிக்கலாமா? திறந்ததும் வருகிற முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். தெளிந்த பிறகு பிடித்து, காய்ச்சிக் குடியுங்கள். கலங்கலோ சாக்கடை நாற்றமோ தொடர்ந்தால் அன்றைக்கே பேரூராட்சி அலுவலகத்தில் சொல்லுங்கள். எந்த வீட்டிலிருந்து அப்படி வரத் தொடங்குகிறது என்பதையும் விசாரித்துச் சொன்னால், எந்த இடத்தில் தோண்டுவது என்று அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபடும்.