காலி வீடு எது?

கேள்வி: பேய்ப் படங்களில் வரும் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யாமல் ஏன் கிடந்து அவதிப்படுகின்றன என்பது என் நெடுநாள் எரிச்சல். ‘இன்சிடியஸ்’ படத்தில் காலி செய்துவிட்டே போகிறார்கள்; ஆனாலும் பேய் விட்டபாடில்லை. இது நியாயமா?

பதில்: உங்களைப் போன்றவர்களின் எரிச்சலை அறிந்தே இயக்குநர் ஜேம்ஸ் வானும் கதை எழுதிய லீ வானலும் அப்படிச் செய்திருக்க வேண்டும். ஏணியிலிருந்து விழுந்த மூத்த மகன் டால்டன் மறுநாள் காலை கண்விழிக்கவில்லை. மருத்துவர்களுக்கும் காரணம் பிடிபடவில்லை. கைக்குழந்தையின் அழுகையைக் கேட்பதற்காக வைத்த கருவியில் வேறு யாருடைய குரலோ கேட்கத் தொடங்கியதும் தாய் ரெனே நடுங்கிப்போகிறாள். படம் பாதியைத் தொடுவதற்குள் வீடு மாறிவிடுகிறது. புதிய வீட்டில் ஒரு பகல் வேளையில் குப்பையைப் போட வெளியே வந்தவள் சன்னல் வழியே பார்த்தால், உள்ளே முன்பின் தெரியாத ஒரு சிறுவன் ஆடிக்கொண்டிருக்கிறான். ஒலிக்கும் பாட்டும் அவள் போட்டுவிட்டு வந்ததன்று.

உறக்கத்தில் உடலைவிட்டு உலவப் போகும் டால்டன் திரும்பும் வழி தெரியாமல் வெகுதூரம் போய்விட்டான் என்றும், ஆளற்றுக் கிடக்கும் அவன் உடலில் குடியேறவே இத்தனை ஆவிகளும் முட்டி மோதுகின்றன என்றும் பிறகு தெரியவருகிறது. கூடுவிட்டுக் கூடு பாயும் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது எளிதில் விளங்கும். காலியாக இருக்கும் வீடு அந்தப் பையன்தான். அவனை எங்கே தூக்கிச் சென்றாலும் பேயும் உடன்வரத்தானே செய்யும்?

கேள்வி: கணவனின் தோளுக்குப் பின்னால் செந்நிற முகம் தோன்றும் காட்சியில் அலறிவிட்டேன். வெளிச்சமான அறையில் எப்படி அவ்வளவு பயம்?

பதில்: அந்தக் காட்சியில் மேசையருகே அமர்ந்து, ரெனேயின் கணவன் ஜோஷிடம் அவன் தாய் தான் கண்ட கனவைச் சொல்கிறாள். இருண்ட அறை, மூலையில் ஓர் உருவம் என்று கனவு விரியும்போது, அதிர்ச்சி அங்கேதான் காத்திருக்கிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொள்கிறோம். கனவு முடிந்து, பகல் வெளிச்சத்துக்கும் பேச்சுக்கும் திரும்பி மூச்சு விடும் நொடியில், மகனின் முதுகுக்குப் பின்னால் அந்த முகம் நிற்கிறது. அவள் பார்க்கிறாள், நாம் பார்க்கிறோம், அவன் மட்டும் அறியவில்லை. பின்பாதியில் ஆவியுலகத்தையே சுற்றிக் காட்டும் காட்சிகள் எவற்றிலும் இதில் பாதி நடுக்கம்கூட எனக்கு வரவில்லை. விளக்கம் கூடக்கூடப் பயம் வடிந்துவிடுகிறது.

கேள்வி: அந்தப் பேயாக நடித்தவர் யார்?

பதில்: ஜோசப் பிஷாரா. படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. கனவு சொல்லும் தாயாக வரும் பார்பரா ஹெர்ஷியோ, 1982-இல் வெளிவந்த ‘தி என்டிட்டி’ படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றினால் வதைபடும் தாயாக நடித்தவர்.