பணக்காரப் பல்கலைக்கழகத்தில் வேலை: கேள்வி பதில்

நான் அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி நிதிக் கணக்குகளைப் பார்ப்பவள். பேராசிரியர் இல்லை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

அக்கா, ஹார்வர்டிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறதாம். அப்புறம் ஏன் 2025இல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள்?

அந்தப் பணம் ஒரே உண்டியலில் இல்லை தம்பி. ஆயிரக்கணக்கான தனித்தனி அறக்கொடைகள். பெரும்பாலானவற்றுக்குக் கொடுத்தவர் போட்ட நிபந்தனை உண்டு. ஹார்வர்டில் உள்ள நம் தமிழ் இருக்கையையே பாருங்கள். 60 லட்சம் டாலர் திரட்டினோம், தமிழக அரசு கொடுத்த 10 கோடி ரூபாயும் அதில் சேர்த்தி. அந்த அசல் தொகையில் கை வைக்க மாட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 5 சதவீதம் எடுத்தால் 3 லட்சம் டாலர், அதுவும் தமிழுக்கு மட்டும். பக்கத்துக் கட்டடத்து வேதியியல் லேபில் சம்பளத்துக்குப் பணமில்லை என்றால் இதை எடுத்துக் கொடுக்க முடியாது.

சந்தை விழுந்தால் அடியும் பலம்தான். 2009 நிதியாண்டில் ஹார்வர்டின் முதலீடுகளில் 27 சதவீதம் நஷ்டம். பாஸ்டனின் ஆல்ஸ்டன் பகுதியில் அறிவியல் வளாகக் கட்டுமானம் பாதியில் நின்றது, 275 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2025இல் வேறு கதை: அமெரிக்க மத்திய அரசின் ஆராய்ச்சிப் பணம் வருமா என்ற சந்தேகத்தில் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள், பிறகு அரசு அந்தப் பணத்தையே முடக்கியது.

போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி. முடித்தபின் செய்யும் தற்காலிக ஆராய்ச்சி வேலைக்கு, ஆஃபர் வந்திருக்கிறது. பெயர் பெரிது, சேரலாமா?

பெயரை விடுங்கள், உங்கள் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். என் திரையில் ஒரு போஸ்ட்டாக் என்றால் இப்படித்தான் தெரியும்: சம்பளத்தில் 60 சதவீதம் ஒரு கிராண்ட் (ஆராய்ச்சி மானியம்) எண்ணில், 40 சதவீதம் இன்னொன்றில், இரண்டுக்கும் முடிவுத் தேதி. ஒன்று முடியும் மாதம் அந்த 60 சதவீதத்தை எங்கே போடுவது என்று நானும் பேராசிரியரும் தேடுவோம். கிடைக்காவிட்டால் ஒப்பந்தத்தில் 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்ற ஒற்றை வரி வேலையைக் காட்டும். ஆகவே கிராண்ட் எப்போது முடிகிறது, புதுப்பிக்க விண்ணப்பித்தாயிற்றா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டதற்காக முகம் சுளிக்கும் பேராசிரியரிடம் சேராமல் இருப்பதே நல்லது.

சம்பளமாவது கூடுதலா?

கொஞ்சம் இருக்கலாம், வாடகை அதைத் தின்றுவிடும். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகம் (NIH) 2024இல் முதலாண்டு போஸ்ட்டாக்குக்கு வைத்த அளவு ஆண்டுக்கு 61,008 டாலர். பாஸ்டனிலோ ஸ்டான்ஃபோர்டு பக்கத்துப் பாலோ ஆல்டோவிலோ குடும்பத்தோடு இருந்தால் அதில் மிச்சம் பிடிப்பது கஷ்டம்.

எச்1பி வேலை விசாவுக்குப் பல்கலைக்கழகங்களில் குலுக்கல் இல்லையாமே?

உண்மை. ஆனால் அது பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் உள்ள சலுகை இல்லை, சாதாரண மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, வெளிநாட்டிலிருந்து புதிதாக வருபவருக்கான மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் போட்டது. அதைப் பார்த்துப் பணமுள்ள இடங்களும் யோசித்தன.

நல்லதே இல்லையா அக்கா?

இல்லாமல் என்ன! கேட்ட புத்தகம் வரும், பழுதான மைக்ரோஸ்கோப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஹார்வர்டு ஊழியருக்கு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கக்கூடிய அதன் எக்ஸ்டென்ஷன் ஸ்கூலில் ஒரு பாடம் 40 டாலர்தான், எத்தனையோ பேர் அப்படியே பட்டம் வாங்கியிருக்கிறார்கள். எழுத்தர்களுக்கும் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் அங்கே 1988இலிருந்தே சங்கம் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் வளாகத்திலேயே வீடு வாங்கலாமா?

பேராசிரியரானால் வாங்கலாம். வீடுதான் உங்களுடையது, நிலம் குத்தகை. விற்கும்போதும் தகுதியுள்ள இன்னொரு ஸ்டான்ஃபோர்டுக்காரருக்குத்தான் விற்க முடியும். போஸ்ட்டாக்குக்கு இந்தக் கதவு கிடையாது.