வெயிட்டிங் லிஸ்டில் 187: கேரியில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு

ராத்திரி பதினொன்றரைக்கு உங்கள் சார்ட்டர் பள்ளிக் குலுக்கல் முடிவின் ஸ்கிரீன்ஷாட் வந்தது. "அக்கா, பாப்பாவுக்கு 187, தம்பிக்கு 41. எல்லாம் போச்சா?" என்று கூடவே ஒரு வரி. தூக்கக் கலக்கத்தில் பாதி பதில்தான் அனுப்பினேன், மீதியை நிதானமாக எழுதுகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் இங்கே ராலி நகரைச் சுற்றியுள்ள கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கத்து வீடுகளில் இருந்து இதே கேள்வி வருகிறது. அதனால் மற்றவர்களும் படிக்கட்டும். (பாப்பா இவருடைய சின்ன மகள், தம்பி என்று செல்லமாகச் சொல்வது மூத்த மகனை.)

முதலில் அந்த 187. அது ரேங்க் இல்லை, குலுக்கலில் விழுந்த எண். வட கரோலினாவில் சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில் நடக்கிற பொதுப் பள்ளி. கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது. எந்தக் கவுன்டியில் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சட்டப்படி குலுக்கித்தான் எடுக்க வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளையின் தம்பி தங்கைக்கும், ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை தரலாம். ஊரில் ஆர்டிஇ 25 சதவீத இடத்துக்குக் குலுக்கல் நடத்துவார்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு அப்பா பத்து வயது மகனோடு என்னைப் பார்க்க வந்தார். வெயிட்டிங் லிஸ்ட் பேச்சு வந்ததும் அந்தப் பையன் மெதுவாகக் கேட்டான்: "நான் எதைத் தப்பா எழுதினேன்?" அவன் எதையுமே எழுதவில்லை! மூன்று நாளாக வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டு, ஏதோ பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டதாக நினைத்திருக்கிறான். "சீட் கிடைக்கல" என்ற வார்த்தையை உங்கள் பாப்பாவின் காதில் போடாதீர்கள். நம் ஊரில் சீட் கிடைக்காதது மார்க் வாங்காததற்கு இன்னொரு பெயர். இங்கே அப்படி இல்லை என்பது ஏழு வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

அடுத்து, "சார்ட்டர்னா நல்ல ஸ்கூல்தானே?" என்று போன வாரம் தமிழ்ப் பள்ளி வாசலில் கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். 1996-ல் வட கரோலினாவில் சார்ட்டர் சட்டம் வந்தது. 100 பள்ளிக்கு மேல் கூடாது என்று அப்போது ஒரு வரம்பு வைத்தார்கள். 1997-ல் தொடங்கிய மோரிஸ்வில் ஸ்டெர்லிங் மான்டிசோரி, 1999-ல் வந்த ராலி சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி எல்லாம் அந்தக் காலத்துப் பள்ளிகள். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருவது இந்த மாதிரி நாலைந்து பெயர்கள்தான். அவற்றை வைத்தே சார்ட்டர் என்றால் உயர்தரம் என்ற எண்ணம் ஊறிவிட்டது. 2011-ல் அந்த 100 வரம்பை எடுத்துவிட்டார்கள். இன்று மாநிலம் முழுக்க 200-க்கு மேல். அவற்றில் அருமையானவையும் உண்டு, சுமாரானவையும் உண்டு, மூடும் நிலைக்கு வந்தவையும் உண்டு. ராலியில் 20 வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு சார்ட்டர் பள்ளியின் உரிமத்தையே 2022-ல் மாநிலக் கல்வி வாரியம் ரத்து செய்தது. சார்ட்டர் என்பது அரசோடு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின் பெயர், தர முத்திரை இல்லை.

இன்னொரு விஷயத்தையும் நம் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. சார்ட்டர் பள்ளிகளைப் பெருக்க மத்திய அரசு மாநிலங்களுக்கு நிதி தருகிறது. வட கரோலினாவுக்கு 2018-ல் 2.66 கோடி டாலர் வந்தது, பின்பு அது 3.66 கோடியாக உயர்ந்தது. என்சி ஆக்சஸ் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். யாருக்காக? வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகள், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு நல்ல பள்ளி எட்ட வேண்டும் என்பதற்காக. பஸ் விடாத, மதிய உணவு போடாத பள்ளிக்கு ஏழை வீட்டுப் பிள்ளை எப்படிப் போகும் என்ற கேள்வியில் இருந்து பிறந்தது அது. அதனால் சில பள்ளிகளின் குலுக்கலில் அப்படிப்பட்ட பிள்ளைகளின் குலுக்கல் சீட்டுக்குக் கூடுதல் எடை உண்டு, அதாவது பெயர் வரும் வாய்ப்பு அதிகம். "நாமளும் டாக்ஸ் கட்டுறோம், நம்ம பிள்ளைக்கு ஏன் எடை இல்லை?" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். எனக்கு அது நியாயமான ஏற்பாடாகத்தான் படுகிறது. ஐடி சம்பளத்தில், இரண்டு கார் வைத்துக்கொண்டு நாம் தேடுவதும், இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மா தேடுவதும் ஒன்றல்ல.

சரி, நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு பள்ளிக்கும் மாநிலம் ஏ முதல் எஃப் வரை கிரேடு போடுகிறது. எல்லோரும் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த கிரேடில் 80 சதவீதம் மாணவர்கள் எடுத்த மதிப்பெண், வளர்ச்சிக்கு 20 சதவீதம்தான். படித்த பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு, ஆசிரியர் பெரிதாக ஒன்றும் செய்யாவிட்டாலும் ஏ வந்துவிடும். மாநிலப் பள்ளி அறிக்கையில் வளர்ச்சி என்று தனியாக ஒரு வரி இருக்கும்: எதிர்பார்த்ததைத் தாண்டியது, எட்டியது, எட்டவில்லை. நான் முதலில் அங்கேதான் விரலை வைப்பேன். வருஷத் தொடக்கத்தில் பிள்ளை எங்கே இருந்தது, முடிவில் எங்கே வந்தது என்பதை அது சொல்கிறது. மூன்று வருஷம் தொடர்ந்து "தாண்டியது" என்று இருக்கும் பி கிரேடு பள்ளியை, "எட்டவில்லை" என்று நிற்கும் ஏ கிரேடு பள்ளிக்கு மேலாக நான் சொல்வேன்.

பள்ளி அலுவலகத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: "உங்கள் சார்ட்டரைக் கடைசியாக எத்தனை வருஷத்துக்குப் புதுப்பித்தார்கள்?" வரவு செலவு, படிப்பு, சட்டம் மூன்றும் ஒழுங்காக இருந்தால் 10 வருஷம் தருவார்கள். 3 அல்லது 5 என்று பதில் வந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதைக் கேட்டதும் ஒரு வரவேற்பாளர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை என்னிடம் டீஷர்ட் சைஸ் அட்டவணையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஆய்வு என்ன சொல்கிறது என்று உங்கள் கணவர் கேட்பார், அவர் டேட்டா ஆள். ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ மையம் 2023-ல் வெளியிட்ட தேசிய ஆய்வில், சார்ட்டர் மாணவர்கள் பக்கத்துப் பொதுப் பள்ளியில் தங்களைப் போன்ற மாணவர்களைவிட வாசிப்பில் சராசரியாக 16 நாள், கணக்கில் 6 நாள் படிப்புக்குச் சமமான அளவு முன்னே இருந்தார்கள். ஒரு பள்ளி வருஷம் 180 நாள் என்று வைத்துப் பாருங்கள், அந்த 6 நாளுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளலாமா? அதே ஆய்வில் முழுக்க ஆன்லைனில் நடக்கும் சார்ட்டர்கள் வாசிப்பில் 58 நாளும் கணக்கில் 124 நாளும் பின்தங்கியிருந்தன. வீட்டில் இருந்தே படிக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். வட கரோலினாவில் சார்ட்டர் பள்ளிகள், கவுன்டியின் வழக்கமான பொதுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தைப் போல முழு பஸ் வசதி தர வேண்டியதில்லை. நீங்கள் விண்ணப்பித்த பள்ளியின் கார்பூல் வரிசையில் ஒரு நாள் மதியம் போய் நின்று பாருங்கள். நான் நின்றிருக்கிறேன். பள்ளி விட முக்கால் மணி நேரம் இருக்கும்போதே வண்டிகள் சாலை வரை வளைந்து நிற்கும். ஒவ்வொரு கண்ணாடியிலும் தடித்த எழுத்தில் ஒரு எண் தொங்கும். மஞ்சள் சட்டை போட்டவர் அதை வாக்கிடாக்கியில் வாசிப்பார், உள்ளே இருந்து ஒரு குழந்தை ஓடி வரும். எனக்கு முன்னால் நின்ற காரில் ஒரு பெண் ஸ்டீயரிங் மேல் லேப்டாப்பை வைத்து மீட்டிங்கில் இருந்தார். உங்களுக்கு இப்போதுதான் இஏடி என்ற வேலை அனுமதி வந்து வேலை அமைந்திருக்கிறது. தினமும் காலையும் மதியமும் இந்த வரிசை என்றால் அந்த வேலை தாங்குமா? நம் வேக் கவுன்டி நடத்தும் பள்ளி என்றால் மஞ்சள் பஸ் உங்கள் அபார்ட்மென்ட் பக்கத்திலேயே வந்து நிற்கும்.

பள்ளிக் காலண்டரையும் பாருங்கள். தம்பி இப்போது இயர்ரவுண்ட் பள்ளியில் இருக்கிறான்: ஒன்பது வாரம் வகுப்பு, மூன்று வாரம் லீவு. சார்ட்டர் பள்ளி தன் காலண்டரைத் தானே போட்டுக்கொள்ளும். ஒரு பிள்ளை வீட்டில், இன்னொன்று பள்ளியில் என்று வருஷம் ஓடினால் சென்னைப் பயணத்துக்கு டிக்கெட் போடுவதுகூடத் தலைவலிதான்.

கட்டடத்தைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். கவுன்டி தன் பள்ளிகளுக்குக் கட்டடம் கட்டித் தருவதுபோல் சார்ட்டருக்கு வழக்கமாகத் தருவதில்லை, அதனால் வாடகை இடமும் சின்ன ஜிம்மும் சகஜம். கட்டடம் சுமாராக இருப்பதால் படிப்பும் சுமார் என்று ஆகிவிடாது. ஆனால் ஆசிரியர் விஷயத்தில் விடாதீர்கள். சார்ட்டரில் பாதி ஆசிரியர்களுக்கு லைசென்ஸ் இருந்தால் சட்டத்துக்குப் போதும். போன வருஷம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இப்போது தம்பி. உண்மையில் நான் அதிகம் யோசித்தது அவனைப் பற்றித்தான். அவன் எண் 41, நகர வாய்ப்பு இருக்கிறது. அவனுக்கு இடம் கிடைத்தால் தங்கை உடன்பிறப்பு முன்னுரிமையில் மேலே ஏறிவிடுவாள் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. தங்கைக்காக அண்ணனை ஒரே ஒரு வருஷத்துக்கு இடம் மாற்றி, ஒன்பதாவதில் மறுபடி மாற்றுவதா? சென்னையை விட்டு வந்தே இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. இப்போதுதான் அவனுக்கு நண்பர்கள் சேர்ந்திருக்கிறார்கள். நானாக இருந்தால் மாட்டேன்.

அவனுக்கு எட்டாவதில் முக்கியம் கணக்குப் பாதை. உயர்நிலைப் பள்ளிக் கணக்கின் முதல் பாடமான மேத் 1-ஐ எட்டாவதிலேயே எடுத்தால், ஒன்பதில் மேத் 2, பத்தில் மேத் 3, அப்புறம் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் ஏபி (கல்லூரி அளவிலான) கால்குலஸ் என்று நிதானமாகப் போகலாம். இன்ஜினியரிங் என்று அவன் சொல்வது நிலைத்தால் இந்த ஏணி தேவைப்படும். எந்தப் பள்ளியாக இருந்தாலும் கேளுங்கள்: எட்டில் மேத் 1 உண்டா? உயர்நிலைப் பள்ளியில் மேத் 3-க்கு அப்புறம் என்ன? சின்ன சார்ட்டர்களில் ஏபி பாடங்கள் குறைவாக இருக்கலாம். பெரிய மாவட்டப் பள்ளியில் பாடம் நிறைய இருக்கும், பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் பள்ளி ஆலோசகரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

பத்தாவது முடிந்து இன்னொரு கதவு திறக்கும். டர்ஹமில் 1980-ல் தொடங்கிய மாநில அறிவியல் கணிதப் பள்ளி, 11, 12-க்கு மட்டும், தங்கிப் படிப்பது. மார்கன்டனில் 2022-ல் இன்னொரு வளாகமும் வந்துவிட்டது. அது சார்ட்டர் இல்லை, குலுக்கலும் இல்லை, தகுதி பார்த்துத்தான் எடுப்பார்கள். பதற்றத்தைச் சேர்த்து வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த விண்ணப்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் பள்ளியில் இருந்துகொண்டே வேக் டெக் கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுக்கும் திட்டம் இருக்கிறது, அதற்குக் கல்விக் கட்டணம் இல்லை. யூஎன்சி, என்சி ஸ்டேட் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது பள்ளி சார்ட்டரா மாவட்டமா என்று பிரிப்பதில்லை. அங்கே கிடைத்த பாடங்களில் இவன் எவ்வளவு கடினமானதை எடுத்தான் என்று பார்ப்பார்கள்.

பாப்பாவுக்கு என்ன செய்வது? வெயிட்டிங் லிஸ்டில் இருந்து பெயரை எடுக்க வேண்டாம். ஆகஸ்டில் அது வேகமாக நகரும். இரண்டு மூன்று பள்ளியில் இடம் பிடித்து வைத்தவர்கள் ஒன்றை விடுவார்கள். முதல் இருபது பள்ளி நாளில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் நிதி வருகிறது என்பதால் அதற்குள் காலியிடத்தை நிரப்பப் பள்ளிகள் பார்க்கும். ஆனால் 187 வரை வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். இந்த வாரமே உங்கள் முகவரிக்கான வேக் பள்ளியை உறுதி செய்யுங்கள். புது அபார்ட்மென்டுக்கு மாறும் யோசனை இருக்கிறதே, கையெழுத்துப் போடும் முன் அந்த முகவரிக்கான பள்ளியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா என்று பள்ளி மாவட்டத்தின் இணையதளத்தில் பாருங்கள். புதுக் குடியிருப்புகள் பெருகும் பக்கங்களில் இது நடக்கிறது. பள்ளி எதிரில் தெரியும், பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். புரோக்கர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது தம்பியின் போன வருஷ ஈஓஜி (மாநில ஆண்டு இறுதித் தேர்வு) மதிப்பெண் தாளை எடுத்து வாருங்கள். கணக்கில் உச்ச நிலையான லெவல் 5 இருந்தால் மேத் 1 பற்றி அவன் பள்ளிக்கு அன்றைக்கே சேர்ந்து ஒரு மெயில் எழுதிவிடலாம்.