சாக்கடை கலந்த ஏரித் தண்ணீரில் நெல்: யூரியாவைக் குறைப்பதா?

கேள்வி: ஊரின் மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரும் ஏரியிலிருந்து நெல்லுக்குப் பாய்ச்சுகிறேன். பயிர் கருகருவென்று வளர்கிறது. ஆனால் கதிர் வந்ததும் சாய்ந்துவிடுகிறது, பதரும் அதிகம். யூரியா வழக்கமான அளவுதான். வரப்போரம் கீரை போடலாமா? மாடுகளுக்கு அந்தத் தண்ணீரைக் காட்டலாமா?

பதில்: அந்த வழக்கமான அளவுதான் பயிரைச் சாய்க்கிறது. நீங்கள் பாய்ச்சும் தண்ணீரிலேயே உரம் இருக்கிறது.

வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் தழைச்சத்து இருப்பது சாதாரணம். ஏரியில் கலந்து அது பாதியாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினால் ஒரு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் மேல் வரும். அதில் 2 கிலோ தழைச்சத்து, அதாவது 4 கிலோவுக்கு மேல் யூரியா. ஒரு போகத்துக்கு 30 அங்குலம் பாய்ச்சினால் 60 கிலோ தழைச்சத்து. ஒரு பங்கு காற்றோடு போனாலும் மிச்சமே பயிருக்குப் போதும். அதற்கு மேல் யூரியாவும் விழுந்தால் தண்டு மென்மையாகும், புகையான் பூச்சியும் குலைநோயும் தேடி வரும்.

முதலில் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்துத் தழைச்சத்தையும் உப்பு அளவையும் பாருங்கள். உப்பு அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் (EC, dS/m அலகில்) 0.7-க்குள் இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பாய்ச்சாதீர்கள். அடியுர யூரியாவை நிறுத்திவிட்டு, மேலுரத்தை, இலை வண்ண அட்டையோடு (இலையின் பச்சையை ஒப்பிடும் அட்டை) வைத்துப் பார்த்து இலை வெளுத்திருந்தால் மட்டும் போடுங்கள். பொட்டாஷைக் குறைக்க வேண்டாம், தண்டுக்கு அது தேவை. கிணறு இருந்தால் கதிர் உருவாகும் பருவத்திலிருந்து கிணற்றுத் தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

வெயில் காலத்துக்குப் பின் வரும் முதல் மழையில் மதகை மூடிவையுங்கள். தெருவில் படிந்த எண்ணெய், ஈயம், துத்தநாகம் எல்லாம் அந்த வெள்ளத்தோடுதான் வரும். பட்டறை, சாயப்பட்டறைக் கழிவும் ஏரியில் விழுகிறதென்றால் காட்மியத்துக்கும் ஆய்வு செய்யாமல் நெல் போடாதீர்கள்.

கீரை வேண்டாம். குடற்புழு முட்டைகள் இலையில் ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் முழுசாகப் போகாது. உலோகங்களையும் கீரை இலையில் சேர்த்துவைக்கும். அந்த இடத்தில் பருத்தியோ மரக்கன்றோ வையுங்கள்.

மாடு விஷயத்தில் எனக்குப் பயமே உண்டு. சத்து மிகுந்த இப்படிப்பட்ட ஏரியில் வெயில் நாட்களில் நீலப்பச்சைப் பாசி பெருகும். காற்று அதைத் தள்ளி ஒரு கரையில் குவிக்கும். அங்கே மாடு வாய் வைத்தால் சில மணி நேரத்திலேயே சாகக்கூடும். ஒரு குச்சியைத் தண்ணீரில் விட்டு எடுத்துப் பாருங்கள். தலைமுடிபோல் இழை இழையாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பச்சைப் பெயின்டில் தோய்த்ததுபோல் குச்சி முழுக்கப் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப் பாசி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மயில்துத்தம் போட்டு அழிக்கப் பார்க்காதீர்கள். பாசி செத்து உடையும்போது விஷம் மொத்தமாகத் தண்ணீரில் இறங்கும். காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது. பாசியே இல்லாத நாளிலும், கழிவுநீரோடு வரும் நாடாப்புழு முட்டை மாட்டின் குடலில் பொரித்து, அதன் இளம்புழு சதையில் கட்டியாகத் தங்கும். மாட்டுக்குக் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோதான் சரி.

அப்புறம், காலில் புண் இருக்கும்போது இந்த வயலில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும். மற்ற நாட்களிலும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஆய்வு முடிவு வந்ததும் நெல் ரகத்தையும் சேர்த்து எழுதுங்கள், மேலுர அளவைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.