அம்மா, கேரவன், மஸ்கெலியா

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மா இலங்கையில் மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1973இல், பதினாறு வயதில், சாஸ்திரி ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இங்கே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு பந்தலூரில் டான்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை. அப்புறம் அவர் திரும்பிப் போகவே இல்லை.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தக் காலக் குடும்ப அட்டை கிடைத்தது. சொந்த ஊர் என்ற இடத்தில் துறையூர் தாலுகாவில் ஒரு கிராமத்தின் பெயர் இருக்கிறது. அம்மாவின் வயது இரண்டு கூடுதல். அட்டையில் ஐந்து பெயர்கள். "நாலு பேர்தான் வந்தோம்" என்கிறார் அம்மா. அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுகிறார்.

இலங்கையில் ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்து, மன்னாரிலிருந்து மாத்தளை, கண்டி வழியாக மஸ்கெலியா வரை அம்மாவை அழைத்துப் போக நினைக்கிறேன். அங்கே ஆவணங்கள் தேடி, பிறகு துறையூர் போய் எங்கள் வேரைக் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணன், "இந்த வயசுல அம்மாவை அழ வைக்கப் போறியா?" என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., கோவை

அன்புள்ள ச.,

போய் வாருங்கள். ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்வேன். ஆவணத்தை வைத்து அம்மாவைச் சரிபார்க்கக் கிளம்பாதீர்கள். அம்மாவை வைத்து ஆவணத்தைச் சரிபாருங்கள்.

அந்தக் காகிதங்களை யார், எதற்காக எழுதினார்கள் என்று பாருங்கள். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்த மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949 சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டவர்கள், மணமானவர் என்றால் ஏழு ஆண்டு, இல்லையென்றால் பத்து ஆண்டு, தொடர்ந்து இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பிறகு 1964இல் நீங்கள் சொல்லும் சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுகளும் தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டன. உங்கள் அட்டை அந்தக் கணக்கில் முளைத்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு வேண்டியது கட்டத்தை நிரப்புவது. இந்தப் பக்கம் நின்றவருக்கு வேண்டியது எப்படியாவது அந்த வரிசையைத் தாண்டுவது. இரண்டு வயது கூடுவதில் ஆச்சரியமே இல்லை.

ஐந்தாவது பெயரும் அப்படித்தான். சொந்தக்காரப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எழுதியிருக்கலாம். பெயர் கொடுத்தபின் ஒருவர் இறந்திருக்கலாம், வரமாட்டேன் என்று அங்கேயே தங்கியிருக்கலாம். அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று உடைந்த குடும்பங்கள் ஏராளம். அம்மாவுக்குக் கட்டாயம் தெரியும். எழுந்து போகிறார் என்பதே தெரியும் என்பதற்கு அத்தாட்சி. அதை நீங்கள் கேட்கக் கூடாது, அவராகச் சொல்லட்டும்.

இங்கேதான் கேரவன் எனக்குப் பிடித்திருக்கிறது. சினிமாக்காரர் சமாச்சாரம் என்று அண்ணன் சிரித்திருப்பார். கழிப்பறையும் படுக்கையும் கூடவே வந்தால், வயதான பெண்கள் வெளியூர் கிளம்பும்போது தண்ணீர் குடிக்கவே பயப்படுகிறார்களே, அந்தத் தொல்லை போயிற்று. வீட்டில் எதிரே உட்காரவைத்துக் கேட்டால் அது விசாரணை. வண்டியில் இருவர் கண்ணும் ரோட்டில் இருக்கும். பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் யாரும் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. அவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். செல்போனில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் போகும் வழியும் சாதாரண வழி இல்லை. தேயிலைக்கு முந்தைய கோப்பி (காப்பி)த் தோட்டக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தவர்களில் காலராவில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. இன்று ஏ14இல் மதவாச்சி வந்து, ஏ9இல் தம்புள்ளை வழியாக மாத்தளை போகும்போது ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் போவீர்கள். மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவுக்காக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே போனார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்குங்கள். ஆனால் இந்த வரலாற்றை அம்மாவுக்கு வகுப்பெடுக்காதீர்கள். அவருடைய கதை இதற்கு எதிர்த்திசையில் வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குக் கிளம்பிய ரயிலை மலையகத்தில் அழுகைக் கோச்சி என்பார்கள். அதில் எந்த ஸ்டேஷனில் ஏறினார், யார் வழியனுப்ப வந்தார்கள், கப்பலில் கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் எந்த அலுவலகத்திலும் இல்லை.

சரி, ஆவணங்கள். பாட்டனின் பாட்டன் எந்தக் கப்பலில் போனார் என்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நேட்டாலுக்கும் மொரிஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு. அப்பா பெயர், வயது, ஊர் வரை எழுதியிருக்கும். இலங்கைக்குப் போனவர்கள் ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் கூட்டமாகப் போனவர்கள், அப்படியொரு ஆள்வாரிப் பட்டியலை அங்கே எதிர்பார்க்க முடியாது. கிடைக்கக்கூடியது அம்மாவின் பிறப்புப் பதிவு. தோட்டத்துப் பிறப்புகளைத் துரை (தோட்ட மேலாளர்) அறிவித்துப் பதிவாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்தில் நகல் கேட்டுப் பாருங்கள். செக்ரோல் (தோட்டத்து ஆள்வருகை, கூலிப் பதிவு) புத்தகங்களை ரொம்ப நம்ப வேண்டாம். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பெனிகளுக்குப் போனது. இத்தனை கை மாறியதில் பழைய புத்தகம் பிழைத்திருந்தால் அதிர்ஷ்டம்தான். மரபணுச் சோதனை பற்றிக் கேட்க நினைத்திருந்தால், அது கிராமத்தைச் சொல்லாது.

இன்னொன்று. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, ஜனங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயர் வேறு. அம்மா சொல்லும் பெயர் செல்போன் வரைபடத்தில் இல்லாவிட்டால் அவருக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ஹட்டனில் வயதான ஆட்டோக்காரர் யாரிடமாவது சொல்லுங்கள். தோட்டத்துக்குள் போனதும் பிரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கூட்டும் இடம்) எங்கே, மடுவம் (கொழுந்து நிறுக்கும் இடம்) எங்கே, பிள்ளைக் காம்பரா (குழந்தைக் காப்பகம்) எங்கே என்று அம்மாவையே கேளுங்கள். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எத்தனையாவது காம்பரா (அறை) உங்களுடையது, அடுத்த காம்பராவில் யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார். அந்தக் குடும்பங்களில் யாராவது இன்னும் அங்கே இருந்தால், ஐந்தாவது பெயர் அன்றைக்கே தெரிந்துவிடக்கூடும். பழைய மஸ்கெலியா டவுன் இப்போது மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் கிடக்கிறது. அணை கட்டி முடிந்தது 1969. அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது, கடைத்தெரு நன்றாகவே ஞாபகம் இருக்கும். நீர் வற்றும் காலத்தில் பழைய கோயில் வெளியே தெரியும்.

துறையூரை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள் என்பேன். அது உங்கள் ஆசை, அம்மாவின் ஊர் இல்லை. அவருக்குச் சொந்த ஊர் அந்த லயம். ஒரு குமாஸ்தா எழுதிய கிராமத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போய் நின்றால், ஊர்க்காரர்கள் முதலில் எந்தத் தெரு, எந்தப் பங்காளி என்றுதான் கேட்பார்கள். அதற்கு அட்டையில் பதில் இல்லை. தோட்டத்தில் எந்தச் சாமிக்குக் கிடா வெட்டினார்கள், யார் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள், ஊரிலிருந்து பிடிமண் எடுத்துவந்து கட்டிய கோயில் உண்டா என்று தெரிந்துகொண்டு போனால், தாலுகா ஆபீஸைவிடச் சீக்கிரம் குலதெய்வம் வழிகாட்டும். அது அடுத்த வருடத்துக்கு.

அம்மா அழுவார்தான். இத்தனை வருடமாக அழாமல் இருந்தார் என்று அண்ணனுக்கு யார் சொன்னது?

நடைமுறை விஷயம் கொஞ்சம். இந்திய லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே ஓட்ட முடியாது, அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது. மே பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். ஆனால் அந்த ஜனவரி–மார்ச், சிவனொளிபாதமலை யாத்திரை சீசனும்கூட, போயா (பௌர்ணமி) நாளிலும் வார இறுதியிலும் ஹட்டன்–மஸ்கெலியா ரோட்டில் நெரிசல் அதிகம். தோட்ட ரோடுகளில் கேரவனை ஏற்றவே ஏற்றாதீர்கள். சமதரையில் நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள், உள்ளே நுழையும் முன் ஆபீஸில் சொல்லிக்கொள்ளுங்கள். அண்ணனையும் கூட்டிப் போங்கள். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இறங்கி நின்று கை காட்ட ஒரு ஆள் வேண்டும்.