60 வருஷக் கட்டடத்தைப் புதுப்பிப்பதைவிட இடித்துக் கட்டுவது எளிதில்லையா?

பல சமயம் எளிதுதான். ஆனால் எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்காமலே அந்த முடிவுக்குப் போய்விடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவில் லூயி கான் வடிவமைத்த சால்க் ஆய்வு நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1965-இல் முடிந்தது. கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே 203 தேக்கு ஜன்னல் தொகுதிகள். கடற்கரைக் காற்றில் அரை நூற்றாண்டு நின்றதில் பலகையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது; கரையானும் புகுந்தது. இடையிடையே அடித்த பூச்சுகள் கெடுதலைத்தான் கூட்டின. மொத்தமாகக் கழற்றி எறிய வேண்டியதுதான் என்ற பேச்சு வந்தது. கலைப்பொருள்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் வேலை செய்கிற கெட்டி (Getty) நிறுவனம் மரத்தைச் சோதித்து, முதலில் சில ஜன்னல்களில் மட்டும் மாதிரிக்குச் செய்து பார்த்தது. அப்புறம்தான் சுத்தம் செய்தால் போதும், பழுது பார்க்கணும், மாற்றியே ஆகணும் என்று தரம் பிரித்தார்கள். 2017-இல் வேலை முடிந்தபோது பழைய தேக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தப்பியிருந்தது.

கான்கிரீட் இன்னும் முரண்டு பிடிக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்தால் மேல்பகுதி பெயர்ந்து விழும். பெயர்ந்த இடத்தைக் கொத்தி, துருவை நீக்கி, பழைய கலவையின் நிறத்துக்கும் சொரசொரப்புக்கும் பொருந்துகிற கலவையால் அடைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் சுவர் முழுக்கத் திட்டுத்திட்டாகத் தெரியும். அதை மறைக்க மேலே பெயின்ட் அடிப்பதைப் போன்ற அநியாயம் வேறில்லை. சால்க் போன்றவை கான்கிரீட்டை வெறுமையாகக் காட்டுவதற்காகவே கட்டிய கட்டடங்கள்.